ஐந்து எண்ணும் நிறுத்தம்

2024 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 10:20, தூறல். மலேசியா, புக்கிட் ரோத்தானில் எங்கள் கோயில் பொதுக்கூட்டம். ஆள் வரத்து குறைந்துவிட்டதால் ஞாயிறு மதியச் சாப்பாட்டை நிறுத்தலாம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. மனைவி இறந்தபின், வாரத்தில் நான் நாலு பேரோடு உட்கார்ந்து உண்பது அந்த ஒருவேளைதான். எதிர்த்துப் பேச ஒன்பது நாள் பயிற்சி செய்தேன்.

காற்புள்ளிக்கு ஒன்று, முற்றுப்புள்ளிக்கு இரண்டு எண்ணி நிறுத்திப் படித்தேன். எழுதியதைப் பிரித்தும் பார்த்தேன்: காரணம் சொல்வது ஐந்து வாக்கியம், 'முப்பத்து மூன்று ஆண்டு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன், என் கணக்கை நம்புங்கள்' என்பது இரண்டு, மனத்தைத் தொடுவது ஒன்றுகூட இல்லை. வெட்கத்தோடு கடைசியில் ஒன்றைச் சேர்த்தேன்: "மற்ற ஆறு நாளும் நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்." அதைச் சொல்லுமுன் ஐந்து எண்ண வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

கூட்டத்தில் ஏழு வாக்கியங்களும் பிசகாமல் வந்தன. பிறகு எண்ணத் தொடங்கினேன். மூன்று எண்ணுவதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

"நல்லா பேசினீங்க ஐயா. உட்காருங்க லா, கால் வலிக்கும்," என்று தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இன்னும் ஒன்னு இருக்குப்பா..."

"அதான் எல்லாத்தையும் சொல்லிட்டீங்களே!"

பின்வரிசையில் சிரித்தார்கள்.

முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் நிறுத்தச் சொல்லிக் கை தூக்கினார்கள். அடுத்த ஞாயிறு கடையில் தனியாகச் சாப்பிட்டேன். சோறு, இரண்டு காய், ஒரு தேநீர்: ஒன்பது வெள்ளி நாற்பது காசு.