ஓக்பூன் அக்காவின் ஏழு மொட்டைக் கொம்புகள்

ஓக்பூன் அக்காவிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவர் எங்கள் ஊரில் இல்லை. புருஷன் போன பிறகு டோஃபு விற்றே சொந்த வீடு வாங்கியவள். அந்த வீட்டுக்கு வேலியாகக் குச்சி நட்டு, ஐந்து வருஷம் வளர்த்து ஆளாக்கியவை ஏழு முகுங்வாச் செடிகள். செம்பருத்தி ஜாதிதான். ஆனால் குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டு விறகு மாதிரி நிற்கும்.

அந்தப் பிப்ரவரியில் அக்கா ஏழையும் இடுப்பளவுக்கு வெட்டித் தள்ளினாள்.

"புதுக் கிளையிலதான்டி பூக்கும்" என்றாள். நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரலில் ஊரே பூத்துக் கிடந்தது. அக்கா வேலி மட்டும் மொட்டை. அதைப் பிடுங்கிவிட்டு சிமெண்டுச் சுவர் எழுப்ப வேண்டும் என்று ஊர்த்தலைவர் தல்சு ஒற்றைக்காலில் நின்றார். தினமும் வந்து, பத்தடி தள்ளி நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார்.

"செத்துப்போச்சும்மா. ஊருக்கே அசிங்கம்."

"அது தூங்குமூஞ்சி, தலைவரே. லேட்டாத்தான் எழுந்திருக்கும். மே மாசம் புத்தர் பிறந்தநாள் வரைக்கும் பொறுங்க. துளிர்க்கலைன்னா நானே பிடுங்கி அடுப்புல வெக்கிறேன்."

புத்தர் பிறந்தநாளும் வந்தது. கோயிலுக்கு விளக்கோடு கிளம்பிய கூட்டமெல்லாம் அக்கா வாசலில் நின்றுவிட்டது. தல்சு மண்வெட்டியோடு வந்து, வழக்கம்போல் பத்தடி தள்ளி நின்றார்.

"மொட்டைக் கொம்புதான். எல்லாரும் பாத்துக்கங்க."

"அங்கிருந்தா? கிட்ட வந்து பாருங்க."

தல்சு நகரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகுங்வாவைப் பார்த்தால் கண் சிவந்துபோகும் என்று அந்தக் காலத்தில் பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். அறுபது வயதிலும் மனுஷனுக்கு அந்தப் பயம் போகவில்லை!

"பூவே இல்ல, வெறும் குச்சி. அதுக்கே இவ்வளவு பயமா?" என்றாள் அக்கா. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ரோஷம் பொத்துக்கொண்டு வர, தல்சு விறுவிறுவென்று வந்து குனிந்தார். கணு கணுவாக, அரிசி முனையளவு பச்சை. ஏழு செடியிலும் இருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ, அவர் கண்ணில்தான் படவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நானும் சந்தோஷத்தில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஜூலையில் பூக்க ஆரம்பித்தது பாருங்கள், அடேயப்பா! காலையில் விரிந்து சாயங்காலம் சுருண்டு விழும். மறுநாள் விடிந்தால் புதுசாக அத்தனை பூ. மூன்று மாதம் ஒரு நாள் தவறவில்லை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்கூட பூவைப் பார்க்கவே அந்தத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் காலையில் தல்சு பூவுக்குள் மூக்கை விட்டு நின்றார்.

"கண்ணு எப்படி இருக்கு, தலைவரே?"

"நல்லாத்தான் இருக்கு. எனக்கும் ஒரு கொம்பு குடேன்."

"பிப்ரவரியில வாங்க. மொட்டையாத்தான் தருவேன். ஊருக்கு அசிங்கமில்லையே?"

"குடும்மா தாயே, குடு."

கொடுத்தாள். அடுத்த ஏப்ரலில் நான் தல்சு வீட்டைத் தாண்டிப் போனபோது, அவர் வாசலில் ஒரு மொட்டைக் குச்சி நின்றது. லேசாகத் தொட்டுப் பார்த்தேன். உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார்.

"கை வெக்காத! உசிரோடதான் இருக்கு!"