தராசில் உட்கார்ந்த பூனை

அந்தப் பெண் டாக்டர் என்னிடம் முதலில் கேட்டது, "பேரு என்ன?"

என் பெயரைச் சொன்னேன்.

"உங்க பேரு இல்லய்யா. பூனை பேரு."

பூனைக்குப் பெயர் கிடையாது, வயது பதினாலு என்றேன்.

"பதினாலு வருசமா வளக்கீங்க, ஒரு பேரு வைக்கலியா?"

"கோடவுன்ல நூத்துக்கணக்கா பஞ்சுப் பேல் கெடக்கு. அதுக்கெல்லாமா பேரு வச்சேன்?"

சீட்டில் 'பூனை' என்று எழுதினாள். பேனாவை அழுத்திய அழுத்தத்திலேயே எனக்கும் அவளுக்கும் ஒத்துவராது என்று தெரிந்துபோயிற்று.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மில்லில் மெஷினுக்கு அடியில் விழுகிற கழிவுப் பஞ்சைக் கூட்டி அள்ளும் வேலையில் ஆரம்பித்து, அதே கழிவுப் பஞ்சையும், சீசனில் விவசாயிகளின் பருத்தியையும் லாரி லாரியாக வாங்கி விற்கிற அளவுக்கு வந்தவன். யாருடைய தயவும் இல்லை. எடை கூட வேண்டும் என்று பஞ்சில் தண்ணீர் தெளித்து விற்கிற ஆட்கள் இந்த வியாபாரத்தில் எப்போதும் உண்டு. என்னிடம் அது நடக்காது. பேலுக்குள் கையை விட்டால் போதும், தண்ணீர் தெளித்தது நேற்றா இன்று காலையா என்பதுவரை சொல்லிவிடுவேன். ஈரம் பார்க்க மெஷின் கொண்டுவந்த பட்டதாரிகள் என் கையோடு பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள்.

பூனை என் கோடவுனில் ஒரு பேலின் மேல் பிறந்தது. பஞ்சு இருக்கிற இடத்தில் எலி கூடு கட்டும். இந்தப் பூனை வந்த பிறகு எங்கள் கோடவுனில் எலி இல்லை. வேலை பார்த்தது, சாப்பிட்டது. நானும் அப்படித்தான் முன்னுக்கு வந்தேன் என்பதால் அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. கொஞ்சல் கிடையாது.

போன வருடம் அது வாளித் தண்ணீரை விடாமல் குடிக்க ஆரம்பித்தது. பேல்களின் மேலே சிறுநீர் விட்டது. இளைத்தது. எங்கள் ஊரில் வழக்கமாக வந்து பார்க்கிற வயதான டாக்டர், ஓர் ஊசி போட்டுவிட்டு ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார். நல்ல மனிதர். அவர் இப்போது தன் மகன் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கோம்பை நாயும் வெள்ளை வேட்டை நாயுமாக வளர்க்கிறவர், அவர்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாக ஒரு டாக்டர் வந்திருப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா? "அண்ணாச்சி, பூனைக்கு வைத்தியம் முடிஞ்ச கையோட கோடவுன் எலிகளுக்கும் ஒரு செக்கப் பண்ணிருங்க" என்றார். அவருடைய நாய்களுக்கு ஏசி வைத்த அறை இருப்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தாள். இரண்டு கிட்னியும் பாதிக்குமேல் போய்விட்டது என்றாள். குணமாகாது, பார்த்துப் பார்த்து ஓட்டலாம். கருவாடு கூடாது, பால் கூடாது. ஞாயிறு, செவ்வாய், வியாழன் என்று வாரம் மூன்று நாள் முதுகுத் தோலைத் தூக்கி ஊசி குத்தி, நூற்றைம்பது மில்லி டிரிப்ஸ் இறக்க வேண்டும். வாரம் ஒருமுறை எடை போட்டு அனுப்ப வேண்டும். மாதம் ஒருமுறை நேரில் கொண்டுவந்து ரத்தம் பார்க்க வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு அடுத்ததாகச் சொன்னதுதான் இன்றுவரை என் நெஞ்சில் கிடக்கிறது.

"உங்க வீட்டுல படிச்சவங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்கய்யா. ஊசி போட சொல்லித் தாரேன்."

"ஏன், என் கைக்கு என்ன?"

"கைக்கு ஒண்ணுமில்ல. அளவு பாக்கணும், எழுதி வைக்கணும். அதுக்குச் சொன்னேன்."

"எங்கிட்டயே சொல்லித் தாங்க. ஓடுற மெஷினுக்குள்ள கைய விட்டு எடுத்தவன் நான்."

அவள் செய்து காட்டினாள். அடுத்த ஊசியை நான் போட்டேன். பூனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கையைக் கழுவப் போய்விட்டாள். வெளியே வந்து அந்தப் பெண் எந்த ஊர் என்று அங்கே வேலை பார்க்கிற அம்மாவிடம் விசாரித்தேன். மகாராஜபுரத்துப் பக்கம், விவசாயி மகள் என்றார். நான்கு எழுத்து கூடப் படித்துவிட்டால் இவ்வளவு திமிரா என்று தேரடி தாண்டும்வரை காரில் திட்டிக்கொண்டே வந்தேன். கூடையில் பூனை கேட்டுக்கொண்டு வந்தது.

வீட்டில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். இதில் எவனும் குறை சொல்ல முடியாது. கோடவுன் ஆபீஸ் ஜன்னல் கம்பியில் டிரிப்ஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு, மடியில் பூனையை வைத்து, நூற்றைம்பது கோடு வந்ததும் நிறுத்துவேன். பஞ்சு சாம்பிள் நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு ஒன்று மேசைமேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதில் கூடையோடு பூனையை வைத்து, கூடையின் எடையைக் கழித்து, தராசைப் போட்டோ எடுத்து அனுப்புவேன். சாக்கு எடை கழிக்காமல் எதையும் நிறுத்தவன் இல்லை நான்.

முதல் நாள் அவள் இடத்தில் பூனை மூன்று கிலோ நானூறு. முதல் ஞாயிறு என் தராசில் மூன்று ஐந்நூற்றைம்பது. என் மனைவியிடம் காட்டினேன். "பாத்தியா, எங்கையில வந்த பொறவு ஏறுது."

ஒரு மாதம் ஆயிற்று. ரத்தம் பார்க்க வரச் சொல்லி டாக்டர் செய்தி அனுப்பினாள். எடை மூன்று நானூற்றைம்பது இருந்தது. போட்டோவை அனுப்பி, 'முதல் நாளைவிடக் கூடத்தான் இருக்கு, வர வேண்டிய அவசியம் இல்லை' என்று சொன்னேன். 'எடை மட்டும் போதாது அய்யா, கொண்டுவாங்க' என்று பதில் வந்தது. நான் கொண்டுபோகவில்லை. இன்னும் ஒரு மாதம். மறுபடி கூப்பிட்டாள். மூன்று முந்நூற்றைம்பது. வயதான உடம்பு, ஐம்பது கிராம் இப்படி அப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன். படித்தவர்கள் இல்லாத வீட்டில் ஒரு பூனை எப்படிப் பிழைக்கிறது என்று அவள் பார்க்கட்டும் என்றிருந்தேன்.

அந்த ஞாயிறே என் மனைவி அதன் முதுகைத் தடவிவிட்டுச் சொன்னாள். "ஏங்க, எலும்பு ஒண்ணொண்ணா தட்டுப்படுது. சாப்பாடும் பாதிக்குப் பாதி மிச்சம் வைக்குது."

"தராசு பொய் சொல்லுமாடி?"

"தராசு சொல்லுததைச் சொல்லிட்டுப் போகுது. ஊரு பஞ்சையெல்லாம் கைய வச்சுப் பாப்பீகள்ல, இதையும் செத்த நேரம் வச்சுப் பாருங்க."

"போடி, உஞ்சோலியப் பாரு" என்று கத்தினேன். கையை வைக்கவில்லை. வாரம் மூன்று நாள் அதே முதுகுத் தோலைத் தூக்குகிறவன் நான். எனக்குத் தட்டுப்படாமல் இருந்திருக்குமா? தட்டுப்பட்டது. தராசில் நம்பர் இருந்ததால் கை சொன்னதைக் கேட்கவில்லை.

நான்காம் நாள் காலை பூனை பேல்மேல் ஏறத் தாவி, பாதியில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே வாந்தி எடுத்தது. வெறும் நுரை. பிறகு எழுந்திருக்கவில்லை.

காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட்டினேன். கிளம்பும்போது மேசைமேல் இருந்த தராசையும் எடுத்துப் பின் சீட்டில் வைத்தேன். அவள் என்ன சொல்வாள் என்று தெரியும், பதில் கையில் இருக்கட்டும் என்று எடுத்தேன்.

அவள் என்னை வா என்று சொல்லவில்லை. பூனையை வாங்கித் தன் தராசில் வைத்தாள். இரண்டு கிலோ தொள்ளாயிரத்தைம்பது.

"ரெண்டு தடவ வரச் சொன்னேன்" என்றாள்.

"ஒங்க தராசு கோளாறு."

"கோளாறா?"

"நாலு நாளைக்கு முன்ன மூணு முந்நூத்தம்பது. போட்டோ அனுப்பியிருக்கேன்ல. இருங்க."

காருக்குப் போய்த் தராசைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் டொம்மென்று வைத்தேன். நாய்களோடு காத்திருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நானே பூனையை எடுத்து வைத்தேன். கையில் ஒரு பிடி பஞ்சைத் தூக்குகிற கனம்கூட இல்லை. என் தராசும் இரண்டு தொள்ளாயிரத்தைம்பதுதான் காட்டியது.

அவள் என்னையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஞாயித்துக்கிழமை எடை போடுதீங்கள்ல, டிரிப்ஸ் ஏத்துனதுக்கு முன்னாடியா பொறவா?"

டிரிப்ஸ் ஏறுவதற்கு முன்னால் பூனை கூடையில் உட்காராது, எகிறிக் குதிக்கும். ஏறி முடிந்ததும் சோர்ந்து உட்காரும். அப்போதுதான் வாகாக இருக்கும் என்று ஒவ்வொரு ஞாயிறும் ஊசியை எடுத்த கையோடு தராசில் வைத்தேன். நூற்றைம்பது மில்லி தண்ணீர் தோலுக்கடியில் கட்டி நிற்கும்போது. மீதி எடை, சரியாகச் சாப்பிடாத இந்த நாலு நாளில் கரைந்தது. கூடையைக் கழித்த நான் தண்ணீரைக் கழிக்கவில்லை.

"பொறவு" என்றேன்.

"எங்கப்பா வெயில்ல காயப் போட்ட பருத்திய மூட்டை கட்டிக் கொண்டுவருவாங்க. உங்களை மாதிரி யாவாரிதான் கைய உள்ள விட்டு, ஈரம்னு சொல்லித் தள்ளிவிடுவாங்க. நீங்க ஈரப் பூனைய நிறுத்து எனக்கு அனுப்பியிருக்கீங்க."

முன்னால் கட்டிப்போட்டிருந்த ஒரு நாய் குரைத்தது. அந்த நாயைக் கொன்றுபோடலாம் போல இருந்தது.

"எங்கப்பா ஒருநாளும் தண்ணி தெளிக்கல" என்று அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, பூனையை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். அந்த மனிதரின் பருத்தியைத் தள்ளியது நானா, வேறு எவனா, தெரியாது. கேட்கவும் இல்லை. எத்தனையோ மூட்டைக்குள் கையை விட்டிருக்கிறேன்.

மூன்று நாள் அங்கேயே வைத்துப் பார்த்தாள். காலில் நரம்பு பிடித்து மருந்து ஏற்றினாள். குமட்டலுக்கு ஒன்று, பசிக்கு ஒன்று கொடுத்தாள். முதல் மாதமே வந்திருந்தால் இந்த மாத்திரைகளை அப்போதே தொடங்கியிருக்கலாம் என்று சொன்னாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், ஆனால் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். மூன்று நாளும் காலையில் போய் அந்த வெளி பெஞ்சில் உட்கார்ந்தேன். என் ஆட்கள் போன் செய்து லாரி வந்திருக்கிறது என்றார்கள். "ஈரம் பாத்து எறக்குங்கலே" என்றேன். சொல்லும்போது நாக்கு கூசியது.

இரண்டாம் நாள் சாயங்காலம் உள்ளே கூப்பிட்டாள். பூனை தட்டில் இருந்ததை நக்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் கையை வைத்தேன். எலும்பு எலும்பாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்கட்டும் என்று கையை எடுக்காமல் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது, "மறுபடி வேற யாரையாச்சும் கூட்டிட்டு வரச் சொல்லப் போறியளா?" என்று கேட்டேன்.

"ஊசி உங்க கைக்கு நல்லா வருது. யாரும் வேண்டாம்" என்றாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. நான் தலையாட்டவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை முதலில் தராசு, பிறகுதான் ஊசி. பூனை குதித்தால் என் மனைவி கூடையின் வாயைத் துண்டால் மூடிப் பிடிக்கிறாள். துண்டின் எடையையும் கழிக்கிறேன். போட்டோ எடுக்கும்போது, உறை பிரிக்காத ஊசியைத் தராசுக்குப் பக்கத்திலேயே வைத்து எடுக்கிறேன். இனி அந்தப் பெண் என்னிடம் முன்னாடியா பொறவா என்று கேட்கக் கூடாது. அவளும் கேட்பதில்லை. 'சரி' என்று இரண்டெழுத்து மட்டும் வரும். ஒருநாளும் 'நல்லது' என்று வந்ததில்லை. நானும் நன்றி என்று அனுப்பியதில்லை, அனுப்புகிற உத்தேசமும் இல்லை.

போன ஞாயிறு ஐம்பது கிராம் குறைந்திருந்தது. தராசை இரண்டு தடவை துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். அதே ஐம்பது. ஊசியைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து, குறைந்ததைக் குறைந்தபடியே அனுப்பினேன்.

'நாளைக்கே கொண்டுவாங்க' என்று வந்தது.

கொண்டுபோனேன்.