மேகத்தில் வைத்த அம்மா

கடலூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுவதுதான் என் பொழப்பு. மணப்பெண்ணின் முடியை இழை இழையாக வெட்டியெடுத்து, அவள் பார்த்தேயிராத காஷ்மீர் பனியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சாயங்காலத்துக்குள் கண் ரெண்டும் மிளகாய்த்தூள் பட்ட மாதிரி எரியும். அலுத்துப்போச்சு, சத்தியமா சொல்றேன்.

அந்த அலுப்புக்கு மருந்தாக, மதியச் சோற்று நேரத்தில் எனக்கென்று சில படங்கள் ஒட்டிச் சேர்ப்பேன். பஸ் ஸ்டாண்டுக்குள் கடல் புகுந்து, டவுன் பஸ்களுக்கு நடுவே படகு நிற்கும். சிப்காட் ஆலைப் புகைபோக்கியிலிருந்து மல்லிகைச் சரம் கிளம்பும். முதலாளி எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, கனவு காண்றியா? ஆல்பம் இன்னா ஆச்சு?" என்பார். சிரித்து வைப்பேன்.

அம்மாவுக்கு ஒரே தம்பி, சிதம்பரத்தில் இருக்கிறார். என் தங்கச்சி கல்யாணத்தப்போ அம்மாவுக்கு முட்டி வலி ஜாஸ்தி. தாம்பாளத்தில் வைத்து நேரில் கொடுக்க வேண்டிய பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிட்டாள். தாய்மாமனுக்குப் போன்லயா பத்திரிகை? மாமா கல்யாணத்துக்கும் வரவில்லை, அப்புறம் எங்கள் வாசப்படியும் மிதிக்கவில்லை. "ஒருவாட்டி வந்து திட்டிட்டாவது போகக் கூடாதா?" என்று அம்மா புலம்புவாள். கேட்டுக் கேட்டு நானும் ஓய்ந்துபோனேன்.

ஒருநாள் அம்மாவையே படமாக்கினேன். வலியில்லாமல் மிதக்கட்டுமே என்று ஊருக்கு மேலே மேகத்தில் உட்காரவைத்து, முகத்தைச் சுற்றி வெளிச்சம் கொடுத்து, ஸ்டேட்டஸில் போட்டேன். எங்கள் ஊரில் மேகத்துக்குள் முகத்தை வைத்தால் அது கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதையும் போட்டுக் கொடுக்கிறவன்தான் நான். எனக்கே உறைக்கவில்லை பாருங்கள்!

மாமா என்னோடு பேசமாட்டாரே தவிர, என் ஸ்டேட்டஸை விடாமல் பார்ப்பார். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். சாவுச் சேதி கேட்டவன் எங்கே போன் போடுவான்? கிளம்பிவிடுவான்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைகிறேன், பின்னாலேயே ஷேர் ஆட்டோவிலிருந்து மாமா இறங்குகிறார். கையில் மாலை, அக்குளில் ஒரு பை. "ஐயோ, எங்கக்கா!" என்று தலையிலடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யாருடா செத்தது?" என்றாள்.

மாமா மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "பெத்தவள மேகத்துல வச்சுப் போட்டிருக்கியே, நீயெல்லாம் மனுஷனாடா? சிதம்பரத்துலேந்து அழுதுகினே வரேன்டா!" நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

அம்மா அந்தப் பையை வாங்கிப் பிரித்தாள். உள்ளே புதுப் புடவை. பொறந்த வீட்டுக் கோடி. செத்துப்போன அக்கா மேல் போர்த்தத் தம்பி கொண்டுவருவது.

மாமா பதறினார். "அதத் தொடாதக்கா, ஆவாது! எங்கனா கெடாசிட்டு வரேன்."

"உயிரோட இருக்கறப்ப ஒண்ணு எடுத்துக் குடுக்கத் தோணல. செத்துட்டேன்னதும் ஓடியாந்துட்டியா?" புடவையை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள் அம்மா. "இத இப்பவே கட்டிக்கறேன். நான் நெஜமா செத்தா, நீ வந்தது எனக்குத் தெரியவா போவுது?"