கறுப்புத் திரைக்கு ஒரு வரவேற்பு

எங்கள் ஆய்வுக்கூடத்துப் பெரிய கணினிக்கு, அதாவது சேர்வருக்கு, திரை கிடையாது. குளிரூட்டிய அறையொன்றில் இரும்புப் பெட்டிகளாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். நாங்கள் அவரவர் மேசையிலிருந்தும், சிலவேளை வெள்ளவத்தை ஃப்ளாட்டில் கட்டிலில் படுத்தபடியும், அதற்குள் நுழைவோம். நுழைந்தால் ஒரு கறுப்புத் திரை. மூலையில் ஒரு சின்னக் குறி கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். கட்டளையைத் தட்டினால் வேலை நடக்கும். படம் இல்லை, பொத்தான் இல்லை. இதற்குத்தான் டெர்மினல் என்று பெயர். முதல் நாள் பார்த்தபோது செத்த வீட்டுக்குள் வந்துவிட்டேனோ என்று யோசித்தேன்.

என் வேலை வெள்ளக் கணக்கு. எவ்வளவு மழை பெய்தால் கொழும்பின் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணிக்க வேண்டும். வெள்ளவத்தையில் கால்வாய்ப் பக்கம் குடியிருக்கிறவனுக்கு இதற்குக் கணினி தேவையில்லை, ஜன்னலைத் திறந்தால் போதும். ஆனால் ஜன்னலைத் திறப்பதற்கு ஒருவரும் சம்பளம் தருவதில்லை.

வேலையைத் தொடங்க முன் திரையைக் கொஞ்சம் சரிப்படுத்துவோம் என்று இறங்கினேன். ஒவ்வொருவர் கணக்கிலும் ஒரு கோப்பு இருக்கும். நாங்கள் நுழைந்தவுடன் கணினி முதலில் அதைத்தான் வாசிக்கும். அதில் என்ன எழுதி வைத்தோமோ அதன்படி நடக்கும். நிறம் கேட்டால் நிறம், நீளமான கட்டளைக்குச் சுருக்கப் பெயர் கேட்டால் சுருக்கப் பெயர். காலி வீதிப் புடவைக் கடைகளில் பெண்கள் கரை பார்ப்பதை இனிமேல் நான் பகிடி பண்ண மாட்டேன். ஒரு பச்சையைத் தெரிவு செய்ய எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. பிறகு எழுதுவதற்கான எடிட்டர். அதற்கும் அதே பச்சை, பக்கத்தில் வரி இலக்கம், அடைப்புக்குறியைத் திறந்தால் தானாக மூடிக்கொள்ளும் வசதி. இவ்வளவு சோடனைக்கும் நடுவில் நான் ஓடவிட்டிருந்த முதல் வெள்ளக் கணக்கு, ஒரு காற்புள்ளி குறைந்ததால் தொடங்கிய கையோடு செத்துப் போயிருந்தது. சோடனையில் மும்முரமாக இருந்ததால் அந்தக் கிழமை முடியும்போதுதான் கண்டேன்.

ஆனால் திரை அழகாக இருந்தது. அதை முதலில் கவனித்தவர் பக்கத்து மேசை அக்கா. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், என்னைவிட நிறைய வேலை செய்கிறவர்.

"ஏன் உன்டது மட்டும் கலியாண வீடு மாதிரி இருக்கு? எனக்கும் போட்டுத் தா."

போட்டுக் கொடுத்தேன். அக்காவைப் பார்த்து வேறு சிலரும் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் படியெடுத்துக் கொடுக்கச் சோம்பல். ஆகவே அவர்களுடைய கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினேன்: என் கோப்பைப் போய் வாசி. அதன் பிறகு நான் எதை மாற்றினாலும் எல்லோருக்கும் மாறும். எங்கள் ஃப்ளாட்டிலும் இதே ஏற்பாடுதான். மேலே தண்ணீர்த் தாங்கியைக் கழுவினால் எல்லா மாடிக்கும் கலங்கல் வரும். அதை அனுபவித்துக்கொண்டே இருக்கிற எனக்கு, இது மட்டும் மூளைக்கு எட்டவில்லை.

ஒரு திங்கட்கிழமை, போகும் முன், திரை இன்னும் ஊமையாக இருக்கிறதே என்று பட்டது. கோப்பின் தலையில் ஒரு வரவேற்பு எழுதினேன். யார் நுழைந்தாலும் அது திரையில் வரும்: "வந்திட்டியளோ? அவசரப்படாதேங்கோ. முதல்ல ஒரு பிளேன்டீ குடியுங்கோ." தமிழ் எழுத்துகள் அந்தத் திரையில் ஒழுங்காக உட்காரவில்லை. கொம்பு ஒரு பக்கம், அதற்குரிய எழுத்து இன்னொரு பக்கம். இருந்தாலும் எனக்கு நல்ல திருப்தி.

மறுநாள் செவ்வாய். அக்கா கொச்சிக்கடையில் இறங்கி, தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்திருந்தார். வெளிநாட்டில் மேற்படிப்புக்கான நேர்காணல் அன்று பின்னேரம் இரண்டு மணிக்கு, மடிக்கணினி வழியாக. அதற்கு முன் அக்காவின் வெள்ளக் கணிப்புப் படங்களை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். படங்கள் பெரிய கணினிக்குள் இருந்தன. அவற்றைத் தன் மடிக்கணினிக்கு இறக்கினால்தான் அனுப்பலாம். காலையில் நுழைந்து வரவேற்பைப் பார்த்துச் சிரித்தார். சொன்னபடி பிளேன்டீயும் குடித்துவிட்டு வந்தார். மதியமானபோது சிரிப்பு இல்லை.

"தம்பி, ஒண்ணும் இறங்குதில்ல. இழுத்துப் போட்டா 'மெசேஜ் டூ லோங்'ன்னு சொல்லிட்டு நிக்குது. நான் யாருக்கு மெசேஜ் அனுப்பினேன்?"

"லைன் பிழையாயிருக்கும் அக்கா."

"லைன் சரி. வீட்டுக்கு வீடியோ கோல் எடுத்துப் பாத்திட்டேன்."

"அப்ப சேர்வர் பிழை."

"படம் இல்லாம நான் மூஞ்சிய மட்டும் காட்டி என்ன செய்றது? ஆறு மாச வேலை உள்ளுக்குக் கிடக்கு."

"நீங்க இருங்கோ. நான் போய்க் கதைச்சிட்டு வாறன்."

பெரிய கணினியைப் பராமரிக்கிறவரை எல்லோரும் அய்யே, சிங்களத்தில் அண்ணா, என்றுதான் கூப்பிடுவோம். குளிர் அறைக்குப் பக்கத்திலேயே அவர் மேசை என்பதால் கொழும்பு வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். நான் போனபோது பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் சிங்களம் ஆட்டோவுக்குப் பேரம் பேசும் அளவுக்கு ஓடும். கோபம் வந்தால் அதுவும் நின்றுவிடும். ஆகவே பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவி, இந்தச் சேர்வரை நம்பி மனிதர் எதிர்காலத்தை வைத்திருக்கிறார்கள், இப்படிப் பராமரித்தால் எப்படி என்று கேட்டேன். பேசப் பேச எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

அய்யே பணிஸைக் கீழே வைக்காமல், அக்காவின் கணக்கில் நின்று ஒரு படத்தைத் தன் கணினிக்கு இழுத்துப் பார்த்தார். படம் வரவில்லை. அதற்குப் பதிலாகத் திரையில் ஒரு வரி வந்தது.

"மொகத மே, மல்லி?" என்றார். என்ன இது, தம்பி என்று. பிறகு கிட்டக் குனிந்து பார்த்தார். "தெமள நேத?"

தமிழ்தான். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். தமிழ் தெரிந்தவரும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வேண்டிய கோலம். எழுதினவன் பக்கத்தில் நின்றான்.

"என் சேர்வர் தமிழில் என்ன சொல்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"வந்தவர்களை வரவேற்கிறது, அய்யே."

"பிறகு?"

"அவசரப்பட வேண்டாமாம்."

"பிறகு?"

"முதலில் பிளேன்டீ குடிக்கட்டாம்."

அய்யே பணிஸின் கடைசித் துண்டை வாயில் போட்டு, மென்று, விழுங்கினார். "நீ சொன்னது சரி, மல்லி. சேர்வர் சரியில்லைத்தான்."

விசயம் இவ்வளவுதான். கோப்பு அனுப்பும்போது இரண்டு கணினிகளும் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடான முறையில் கதைத்துக்கொள்ளும். பெரிய கணினி அப்போதும் அந்த முதல் கோப்பை வாசிக்கும். என் வரவேற்பு அந்தக் கதைக்கு நடுவில் போய் விழ, மறுபக்கத்துக் கணினி அதை ஒரு அளவு என்று எடுத்துக்கொண்டு, இவ்வளவு பெரிய சாமானை என்னால் வாங்க முடியாது என்று கையை விரித்துவிட்டது.

அய்யே எழும்பித் தன் கதிரையைத் தந்தார். நான் என் கணக்குக்குள் நுழைந்தேன். நுழைந்தவுடன் திரை என்னிடம், அவசரப்படாதேங்கோ என்றது. அய்யே பின்னால் நின்று இருமினார். வரியை அழித்தேன். அவர் மறுபடி இழுத்தார். படம் வந்தது, கொழும்பு வடக்கு முழுக்க நீலமாக.

நான் ஓடிப்போனபோது அக்கா ஏற்கனவே இறக்கத் தொடங்கியிருந்தார். ஒவ்வொன்றாக வந்தன. அனுப்பி முடித்து, தலைமயிரைச் சரிசெய்துகொண்டு, கூட்ட அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே நான் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என் சொந்த நேர்காணலுக்கும் நான் அப்படி இருந்ததில்லை.

அக்கா வெளியே வந்தபோது முகம் தெளிவாக இருந்தது.

"படத்தப் பத்தித்தான் நிறையக் கேட்டாங்க. கிராண்ட்பாஸ் பக்கத்து வெள்ளப் படத்த ரெண்டு தரம் போடச் சொன்னாங்க. சரி, என்னா பிழைன்னு கண்டுபிடிச்சியா?"

சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"லைன் பிழைன்னு சொன்ன."

"ஓம்."

"பிறகு சேர்வர் பிழைன்னு சொன்ன."

"ஓம்."

"அய்யேக்குப் போய் ஏசியும் இருக்க."

"ஓம், இங்கிலீசில."

"நான் அத வாசிச்சிட்டு டீயும் குடிச்சேனே, நாசமாப் போனவனே." அதைச் சொல்லும்போது அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, "என்ட கோப்பில இருக்கிற உன்ட வரியக் கழட்டு. இப்பவே" என்றார்.

கழற்றினேன். அக்காவின் திரை பழையபடி கறுப்பானது. மூலையில் அந்தக் குறி மட்டும் சிமிட்டியது. அக்கா எட்டிப் பார்த்தார்.

"செத்த வீடு மாதிரி இருக்கு."

"நானும் முதல் நாள் அதைத்தான் நினைச்சனான்."

"நிறத்த மட்டும் போடு. எனக்குன்னு தனியா எழுதித் தா, உன்டதப் போய் வாசிக்க வேணாம். கதைக்கிற சாமான் ஒண்ணும் இருக்கக் கூடாது."

எந்தப் பச்சை என்று கேட்டேன். இரண்டைக் காட்டினேன். அக்கா தன் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"மத்த பச்சைகளையும் காட்டு" என்றார்.