அவலூர்பேட்டை பஸ்ஸின் சேதிகள்

என் கணவர் கண்டக்டராக இருந்தார். செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் ஓடும் தனியார் பஸ். வழியில் ஒரு கிராமத்தில் நான் பால்வாடி டீச்சர். காலையில் அவருடைய பஸ்ஸில் போய், சாயங்காலம் அவருடைய பஸ்ஸிலேயே திரும்புவேன். கல்யாணமான புதிதில், டிக்கெட் போட என் சீட்டருகே வரும்போது யாரோ மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "எங்கம்மா போவணும்?" என்பார். பக்கத்தில் இருக்கிற பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரிப்பார்கள்.

அவருக்குச் சேதி சொல்வதில் ஒரு பைத்தியம். விடிகாலையில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கட்டு வந்து விழுந்ததும் ஒன்றை உருவி, டீ ஆறுவதற்குள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவார். பஸ் கிளம்பி, டிக்கெட் போட்டு முடித்ததும், முன்வாசல் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொள்வார். "கேட்டுக்குங்க" என்பார். முதலில் வேடிக்கைச் சேதி. எங்கேயோ வெளிநாட்டில் ஒருத்தன் தன் நாய்க்குச் சொத்தெழுதி வைத்தது, மாடு ஒன்று மாடிப்படி ஏறி இறங்கத் தெரியாமல் நின்றது, இந்த மாதிரி. அடுத்தது அரசியல். பஸ்ஸில் இரண்டு கட்சி ஆட்களும் இருப்பார்கள் என்பதால் குரலை ஏற்றாமல் இறக்காமல் சொல்லிவிட்டு, அவர்கள் சண்டை போட்டுக்கொள்ள ஒரு மைல் தூரம் விட்டுவிடுவார். பிறகு விஞ்ஞானம். ராக்கெட், புது மருந்து, கடலுக்கடியில் கண்டுபிடித்த மீன். எல்லாம் முடிந்ததும் டிரைவர் டேப்பைப் போடுவார். கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு. புதுப்பாட்டு போடச் சொல்லிக் காலேஜ் பையன்கள் கேட்டால் டிரைவர் காதில் வாங்கமாட்டார்.

பாட்டுக்கு உத்தரவு கொடுப்பது எங்கள் மகள். டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் துண்டை மடித்துப் போட்டு உட்காரவைப்போம். கைக்குழந்தையிலிருந்தே என்னோடு பால்வாடிக்கு வந்தவள். பால்வாடியை ஒட்டியிருந்த பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்பு சேர்த்த பிறகும் அதே பஸ், அதே இடம். நைனா என்று அவள் கூப்பிடும் அப்பா விஞ்ஞானத்தை முடித்ததும், "பாட்டு!" என்று கத்துவாள். மொத்த பஸ்ஸும் அதற்காகக் காத்திருக்கும்.

அந்த வருஷம்தான் வால்நட்சத்திரம் வந்தது. வாரக்கணக்கில் அதையே சொன்னார். எழுபத்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை வரும், இப்போது விட்டால் நமக்கெல்லாம் கிடையாது என்று சொன்னதும் இன்ஜின் மூடிமேலிருந்து அவள் திரும்பி, "எனுக்குக் கெடைக்கும் நைனா. அப்ப நான் பல்லு போன ஆயாவா இருப்பேன்" என்றாள். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். விடியற்காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனோம். மேகமோ, எங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லையோ, எதுவும் தென்படவில்லை. அவள் ஏதோ ஒரு நட்சத்திரத்தைக் காட்டி, அதுதான் என்று சாதித்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

மழைக்காலம் முடிகிற சமயம். நெல் கதிர் பிடித்து, சாயங்காலமானால் கொசு முகத்தில் மொய்க்கும். ஒரு நாள் பஸ்ஸில் திரும்பும்போது அவள் என் மடியில் வந்து படுத்துக்கொண்டாள். "தல வலிக்குதும்மா" என்றாள். நெற்றி சுட்டது. மழையில் நனைந்திருப்பாள் என்று மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மறுநாளும் காய்ச்சல் விடவில்லை. பக்கத்து வீட்டு ஜவுளிக்கடை பாய் பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் குடித்தாள். அன்று ராத்திரி என்னைப் பார்த்து, "டீச்சர், எங்கம்மா எங்க?" என்று கேட்டாள். பால்வாடியில் எல்லாப் பிள்ளைகளும் கூப்பிடுவது போல விளையாடுகிறாள் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். அவள் கண்கள் என்மேல் நிற்கவில்லை. பிறகு வலிப்பு வந்தது.

செஞ்சி ஆஸ்பத்திரியில் பார்த்த உடனே பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பாய்தான் கார் பிடித்தார். பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைப் போலவே பல பிள்ளைகள் படுத்திருந்தார்கள். டாக்டர் இளவயதுக்காரர். "மூளைக்காய்ச்சல்மா" என்றார். அதற்குமேல் அவர் சொன்னதெல்லாம் என் காதில் விழுந்தது, மனதில் நிற்கவில்லை. அவள் கண் திறக்கவேயில்லை. அவளைத் திரும்பக் கொண்டுவந்தபோது, செஞ்சி நெருங்கி மலை தெரிந்ததும் இவர் என் தோளைத் தொட்டு, "ஊர் வந்துட்ச்சி" என்றார். எதற்கு அதைச் சொன்னார் என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

காரியம் முடிந்த அடுத்த நாள் பாய் வந்தார். கையில் மடித்த பேப்பர். உள்ளே வரத் தயங்கி நின்றார்.

"பழைய பேப்பர். ஒளிச்சி வெச்சிருந்தேன். மனசு கேக்கல. வேற யாராவது காட்றதுக்கு முன்னால நானே குடுத்துடலாம்னு..."

உள்பக்கத்தில், சினிமா விளம்பரத்துக்குக் கீழே, நாலு வரி. காய்ச்சலுக்குச் செஞ்சி சிறுமி பலி, தனியார் பஸ் கண்டக்டரின் மகள் என்று போட்டிருந்தது. இவர் நின்றபடியே படித்தார். மறுபடியும் படித்தார்.

"வயசத் தப்பா போட்டிருக்கான்" என்றார்.

சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். நான் அப்படியே பின்னால் போனேன். கடைத்தெருவில் தெரிந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். பேப்பர் ஏஜென்ட் கடையில் போய் அந்தப் பக்கத்தை விரித்து வைத்தார்.

"ஆறு முடிஞ்சிட்ச்சி அவளுக்கு. அஞ்சுன்னு போட்டிருக்கான். மாத்தச் சொல்லுங்க."

ஏஜென்ட் வயதானவர். என் கணவர் தினமும் அவரிடம் முதல் பேப்பர் வாங்குகிற ஆள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் இங்க விக்கிறவன்தானேப்பா. எங்கயோ அடிச்சி வருது. நான் இன்னா பண்ணட்டும்?"

"ஒரு வருசத்தையே எடுத்துட்டான் பாருங்க."

"எழுதிப் போடறேன். கண்டிப்பா எழுதிப் போடறேன். நீ வூட்டுக்குப் போ."

திரும்பி வரும்போது கோயில் தேர் நிற்கும் தேர்முட்டி அருகே நின்றுவிட்டார். "இத்தினி வருசமா நான் சொன்னதுல எத்தினி தப்போ" என்றார். திருத்தம் எதுவும் வரவில்லை.

மறுபடி வேலைக்குப் போனோம். பஸ்ஸில் டிக்கெட், சில்லறை, விசில், அவ்வளவுதான். டிரைவர் கேசட் டப்பாவை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். இன்ஜின் மூடிமேல் யாரும் உட்காரவில்லை. கூட்ட நாளில்கூட உட்காரவில்லை. தெரியாமல் யாராவது வெளியூர்க்காரர் போனால், "அங்க வேணாங்க, இப்படி வாங்க" என்று மற்றவர்கள் இடம் விட்டார்கள். அவலூர்பேட்டை சந்தைக்குப் போகிற ஒரு பெரியவர் மட்டும் ஒரு நாள் கேட்டார்.

"கண்டக்டரே, இன்னிக்கு ஒண்ணும் சேதி இல்லியா?"

"இல்லீங்க."

என் கணவர் பேப்பர் வாங்குவதை விட்டார். நான் ஆரம்பித்தேன். எனக்குத் தலைப்புச் செய்தி வேண்டாம். உள்பக்கத்து நாலு வரிகள்தான் வேண்டும். கிணற்றில் விழுந்த பிள்ளை, பாம்பு கடித்த பிள்ளை, லாரியில் அடிபட்ட பிள்ளை. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, இந்த வயது சரியாக இருக்குமா என்று யோசிப்பேன். எங்கேயோ ஓர் ஊரில் ஒரு தாய் இதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றும். அந்தப் பேப்பரை அடுப்பெரிக்கவும் மனம் வராது. பரணில் போட்டு வைத்தேன். அவர் பார்த்தும் கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலம் வந்தது. வழியில் இருந்த ஊர்களில் மறுபடி காய்ச்சல் என்று பேச்சு. ஒரு நாள் காலை, டிக்கெட் போட்டு முடித்ததும், அவர் போய் முன்வாசல் கம்பியில் சாய்ந்துகொண்டார். பஸ் முழுக்க அடங்கிவிட்டது.

"கேட்டுக்குங்க. இது பேப்பர்ல வந்ததில்ல. நான் கண்ணால பாத்தது" என்றார். "பசங்களுக்குக் காச்சல் வந்து, தல வலிக்குதுன்னு சொன்னாலோ, கழுத்து வெறைச்சிக்கினாலோ, ஆள் அடையாளம் தெரியாம பேசினாலோ, ஒரு வேள கூட வெச்சிக்கினு பாக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்கி வந்துடுங்க. நாங்க கஷாயம் வெச்சிக் குடுத்துக்கினு இருந்துட்டோம்."

எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பியது போல இருந்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"கஷாயம் வெச்சது நான்தான்னு ஊருக்கே தெரியும். எல்லார் முன்னாலயும் சொல்லணுமா?"

"நாங்கன்னுதான சொன்னேன்."

"நாங்கன்னா யாரு? வெச்சது யாரு?"

"குடுக்கும்போது தலயப் புடிச்சிக்கினு இருந்தது நானு" என்றார். "அந்த டாக்டரு சொன்னாரே, முன்னாடியே வந்திருந்தாலும் பொழச்சிருக்கும்னு சொல்ல முடியாதுன்னு. உனுக்கு ஞாபகம் இல்ல?"

எனக்கு ஞாபகம் இல்லை. அன்றுதான் அதை முதன்முதலாகக் கேட்டேன். அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்த மழைக்காலம் முழுக்க, போகும்போதும் வரும்போதும், அந்த ஒரு சேதியைத்தான் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. வேடிக்கை இல்லை, அரசியல் இல்லை, பாட்டு இல்லை. தினமும் வருகிறவர்களும் தினமும் கேட்டார்கள்.

ஒரு சாயங்காலம் திரும்பி வருகையில், நிறுத்தமே இல்லாத இடத்தில் ஒரு பெண் ரோட்டின் நடுவில் நின்று கையைக் காட்டினாள். தோளில் ஒரு சிறுமி, துணி மூட்டை மாதிரி தொங்கினாள். ஏறியதும் அந்தப் பெண், "நீ சொன்ன மாதிரியே பேசுதுண்ணா. என்ன யாருன்னு கேக்குது" என்றாள். இவர் சிறுமியின் கழுத்தடியில் கை கொடுத்துப் பார்த்தார். விசிலை ஊதினார். "இனிமே செஞ்சியிலதான் நிறுத்தம். யாராவது எறங்கணும்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார். யாரும் சொல்லவில்லை. நடுவில் இறங்க வேண்டியவர்கள் பலர் இருந்தார்கள். தங்கள் ஊர் ஜன்னலில் வந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பஸ் ஆஸ்பத்திரி வாசலிலேயே போய் நின்றது. நான் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அங்கிருந்து பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தச் சிறுமி பிழைத்தாள். வலது கை சரியாக வரவில்லை. பேச்சு மெதுவாகிவிட்டது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று பேசுவாள். உயிரோடு இருக்கிறாளே என்று அவளுடைய அம்மா என் காலைத் தொட வந்தபோது எனக்குச் சந்தோஷம் வந்தது. அதோடு கூடவே வேறொன்றும் வந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு நாள் நான் படுக்கையை விட்டு எழவில்லை.

நிலக்கடலை பிடுங்கி முடிந்ததும் அந்தப் பெண் ஒரு பை நிறைய மல்லாட்டை கொண்டுவந்தாள். மகளையும் கூட்டி வந்திருந்தாள். நான் கொஞ்சம் எடுத்து மண்சட்டியில் வறுத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் சிறுமி சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்து நின்றாள்.

"அது... யாரு... மாமா?"

அவளுடைய அம்மா, "சும்மா இருடீ" என்று இழுத்தாள். இவர் தடுத்துவிட்டு, சிறுமிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பஸ்ஸில் சொல்வது போலவே, ஏற்றம் இறக்கம் இல்லாத குரலில் சொல்ல ஆரம்பித்தார். எங்க பொண்ணு. பால்சோறு சாப்பிடாது, பழையது சாப்பிடும். செருப்ப மாத்திப் போட்டுக்கும். பஸ்ஸு ஆரன அமுத்திட்டு டிரைவர்மேல பழி போடும். ஒரு தடவ ஓணானப் புடிச்சி டிக்கெட்டுப் பையில போட்டுடுச்சி. எங்கள் மகள் போன பிறகு அவர் வாயிலிருந்து அவளைப் பற்றி இவ்வளவு நான் கேட்டதில்லை. சட்டியில் மல்லாட்டை கருகுகிற வாசனை வந்தும் எனக்குச் சட்டியை இறக்கத் தோன்றவில்லை.

சிறுமி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு மெதுவாக, "எங்கூட... வெளாடுமா?" என்றாள்.

அவர் போட்டோவைப் பார்த்தார். அவளுடைய அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் கருகாததாகப் பார்த்துப் பொறுக்கி, ஊதி, ஆறவைத்து எடுத்துப் போனேன். சிறுமி வலது கையை நீட்ட முயன்றாள். அது பாதி வழியில் நின்றது. இடது கையைப் பிடித்து விரித்து, அதில் வைத்தேன்.