ஒட்டுக் கட்டிய முதுகு

என் மனைவி நிம்மதியாக நடந்திருக்க வேண்டிய ஓராண்டை நான் கெடுத்தேன். அதை எழுத உட்கார்ந்தால் சிரிப்புத்தான் வருகிறது. அந்தச் சிரிப்புக்கும் சேர்த்தே வருந்துகிறேன்.

எழுபதைத் தாண்டிய அவளுக்கு முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஓர் எலும்பு நழுவி நரம்பை அழுத்தியது. புக்கிட் காத்தில் என்ற எங்கள் ஊரில், வீட்டிலிருந்து தெருமுனைக் கடைக்குப் போவதற்குள் வழியில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். முதுகைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே திருகாணி பூட்டி எலும்புகளை இணைத்துவிடலாம், இந்த வயதிலும் பலர் நன்றாக நடக்கிறார்கள் என்றார் மலாய்க்கார டாக்டரம்மா. இணைப்பதற்கு அவர் சொன்ன சொல் ‘சந்தும்’. மரக்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதற்கும் மலாய் மொழியில் அதே சொல்தான். பள்ளியில் மலாய் கற்பித்து ஓய்வுபெற்ற நான் பெருமையாக மொழிபெயர்த்தேன்: “ஒட்டுக் கட்டுவாங்களாம்.”

அவள் வேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, பயந்தாங்கொள்ளி என்று பிள்ளைகளிடம் போனில் கேலி பேசினேன்.

ஓராண்டு கழித்து, முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளே கேட்டாள்.

“ஒட்டுப் பிடிச்சப்புறம் மேல உள்ள எலும்ப அறுத்துருவாங்கல்ல?”

கல்யாணத்துக்கு முன் செலண்டார் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டியவள் அவள். ஒட்டுப் பிடித்ததும் அதற்கு மேலுள்ள தண்டை அறுத்துவிடுவார்கள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. தைலப் புட்டி கவிழும்படி சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“இதை ஏன் அப்பவே கேக்கல?”

“நீங்க படிச்சவரு. சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

அடுத்த மாதமே அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் தாதி பிடித்துக்கொள்ள எழுந்து நின்றாள். சில மாதங்களில் எக்ஸ்ரே எலும்பு சேர்ந்துவிட்டதைக் காட்டியது. இடது கால் பெருவிரல் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. முன்போல் குனியவும் முடியாது. ஆனால் கால் வலி போய்விட்டது.

போன வாரம் தஞ்சோங் கிளிங் கடற்கரையில் அவளுடைய செருப்பு ஒன்றை அலை இழுத்துப் போனது.

“நான் குனியக் கூடாது. நீங்க ஓடுங்க லா.”

ஓடினேன். தண்ணீரில் குப்புற விழுந்து, செருப்பைப் பிடித்து, முழுக்கால் சட்டை சொட்டச் சொட்ட எழுந்தேன். அவள் காத்திருக்கவில்லை. மிஞ்சிய செருப்பையும் கழற்றிப் போட்டுவிட்டு, இளநீர்க் கடையை நோக்கி வெகுதூரம் போயிருந்தாள். கூப்பிட்டேன். திரும்பாமல் கையை மட்டும் ஆட்டினாள். அந்தச் செருப்பையும் எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க, அவள் பின்னால் ஓடினேன்.