சுவரைத் தாண்டாத ரவை

என் அண்ணா பெரிய பொருள் எதையும் என்னைக் கேட்காமல் வாங்கமாட்டார். டெக்ஸாசில் அவருடைய வீட்டில் இருக்கும் குளிர்சாதனப் பெட்டி, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம், கார், மெத்தை எல்லாமே லண்டனில், குட்மேய்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையிலிருந்து நான் தெரிவு செய்தவை. அவர் கடையில் நின்று படம் எடுத்து அனுப்புவார். நான் இணையத்தில் கிடைக்கிற அத்தனை விமர்சனங்களையும் வாசித்து, இரண்டு நாள் யோசித்து, ஒன்றைச் சொல்லி, பிறகு அதை மாற்றி, கடைசியில் முதலில் சொன்னதையே சொல்லுவேன். அவர் அதையே வாங்குவார். அப்பா இல்லாத வீட்டில் அண்ணா பதினேழு வயதில் படிப்பை விட்டு வேலைக்குப் போனவர். நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவள். அதனால் உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் எனக்கு விளங்கும் என்பது அவருடைய நம்பிக்கை.

இந்த வசந்தத்தில், கண்ணாடி மேசை ஒன்றின்மேல் நான்கு சின்னப் பெட்டிகளை அடுக்கிவைத்து அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தபோது, ஏதோ பற்றரி என்றுதான் நினைத்தேன். பின்னாலேயே குரல் பதிவு வந்தது.

"பிள்ளை, இதிலை எது நல்லம் எண்டு பாத்துச் சொல்லு. அவசரமில்லை. அந்தப் பிஸ்டலுக்கு. ரவை."

பிஸ்டல் வாங்கியது எனக்கு முன்பே தெரியும். குளிர்காலத்தில் ஒரு பட்டப்பகலில் அவர்கள் வீட்டுப் பின்கதவை உடைத்து யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். அண்ணி தனியே இருந்தார். குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு, தண்ணீரைக்கூடத் திறக்காமல், வெளியே மேசை லாச்சிகள் ஒவ்வொன்றாக இழுபடும் சத்தத்தைக் கேட்டபடி இருந்திருக்கிறார். வந்தவர்கள் போய்விட்டார்கள். அண்ணியின் பயம் போகவில்லை. அந்த ஊரில் கைத்துப்பாக்கி கடையில் வாங்குகிற பொருள், அண்ணா வாங்கினார். நான் ஒரு நாள் என் பயத்தைச் சொன்னேன், பிறகு பேசாமல் விட்டுவிட்டேன். பக்கத்தில் இல்லாதவள் எவ்வளவுதான் சொல்ல முடியும்?

ஆனால் இந்த முறை எனக்கும் அதில் பங்கிருந்தது. கோடை விடுமுறைக்கு நானும் மகளும் ஆறு கிழமை அங்கே போய் நிற்பதற்கு ரிக்கற் எடுத்தாயிற்று. மகளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. அண்ணா இன்னும் அவளைக் கையில் தூக்கவில்லை. திரையில் பார்த்து "மாமா, மாமா" என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவளுக்காக ஓர் அறைக்கு மஞ்சள் பூச்சும் பூசி வைத்திருந்தார்.

என் கணவருக்கு இதெல்லாம் பகிடி.

"இஞ்சை மிளகாய்த்தூளைக் கரைச்சு ஒரு போத்தலிலை விட்டு, கள்ளனுக்கு அடிக்க எண்டு வச்சிருந்தாலே பொலிஸ் பிடிக்கும். நீர் அமெரிக்காவுக்கு ரவை தெரிவு செய்யிறீர்."

"அண்ணை கேட்டவர்."

"குரோய்டனிலை குடிவரவு ஒப்பீசர் கேட்டாலும் உதையே சொல்லும். 'அண்ணை கேட்டவர், சேர்.'"

எங்கள் குடியுரிமை விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது. அவர் சிரிப்புக்காகச் சொன்னது எனக்குச் சிரிப்பாக இல்லை. வீட்டுக் கணினியில் தேடாமல் நூலகத்துக்குப் போனேன். அங்கே கணினிக்கு முன்னால் இருந்த பிறகுதான், என்னுடைய நூலக அட்டையின் எண்ணைக் கொடுத்துத்தான் உள்ளே நுழைந்திருக்கிறேன் என்று உறைத்தது. கைத்துப்பாக்கி என்ற சொல்லைத் தட்டாமலே, மகளுக்கு இரண்டு படப்புத்தகங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு வீட்டில், என் சொந்தத் தொலைபேசியில், செய்வது குற்றமில்லை என்று எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டு வாசித்தேன்.

மூன்று கிழமை வாசித்தேன். முனை உருண்டையாக, முழுக்கச் செம்பு உறை போட்ட ரவை குறிபார்த்துப் பழகுவதற்கு நல்லது. ஆனால் அது ஓர் ஆளைத் துளைத்து மறுபக்கம் வெளியே வந்து, பின்னால் இருக்கிற சுவரையும் துளைத்துப் போகக்கூடியது. முனையில் குழி வைத்த ரவை, உடம்பில் பட்டதும் விரிந்து வேகம் குறைந்து அநேகமாக உள்ளேயே நின்றுவிடும். வீட்டுக்குள் வைத்திருப்பவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். வேகம் கூடிய வகையும் இருந்தது. அது கையை உதறும். அண்ணியின் மணிக்கட்டு மெலிந்தது, அவருக்கு அது சரிவராது. எதை வாங்கினாலும் அதே பெட்டியில் இருந்து கொஞ்சத்தைப் பயிற்சிக்கூடத்தில் சுட்டு, அந்தத் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்தேன். ஒரு ரவை சுவர்வரை போகக்கூடாது என்றால், அது சுவருக்கு முன்னால் நிற்கும் மனிதனுக்குள் நின்றுவிட வேண்டும். தோய்க்கும் இயந்திரத்தின் சுழற்சி வேகத்தை எழுதிய அதே கொப்பியில், அதே அழகான எழுத்தில் இதையும் எழுதினேன். எழுதி முடித்து வாசித்தபோதுதான் எதை எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தது.

அண்ணாவிடம் வீட்டின் படத்தைக் கீறி அனுப்பச் சொன்னேன். அவர் ஒவ்வோர் அறையையும் அளந்து, கட்டில்களையும் போட்டு அனுப்பினார். எங்கள் குட்மேய்ஸ் வீடு செங்கல். அப்படியும் பக்கத்து வீட்டுக்காரர் தும்முவது கேட்கும். அண்ணா வீட்டின் உள்சுவர் மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் அடித்த சுண்ணப் பலகை. அதற்கு எந்த ரவையும் நிற்காது. குழிமுனைக்குள் சுண்ணத்தூள் அடைத்தால் அதுவும் விரியாமல் மற்றதைப் போலவே போகும் என்று வாசித்திருந்தேன். அவருடைய கட்டிலிலிருந்து அறைவாசலுக்கு ஒரு கோடு கீறினேன். கோடு வாசலைத் தாண்டி, நடையைத் தாண்டி, மஞ்சள் அறைக்குள் மகளுக்காக வைத்த தொட்டில்வரை போனது.

"குழிமுனை வாங்குங்கோ," என்று சொன்னேன். "ஆனா இலக்குத் தப்பினா, எந்த ரவையும் சுவரிலை நிக்காது. தொட்டிலை மற்றப் பக்கம் மாத்துங்கோ."

அன்றே மாற்றிப் படம் அனுப்பினார். எனக்குத் திருப்தி. பொறுப்பாகச் செய்து முடித்த ஒரு வேலை.

அடுத்த கிழமை மகளின் இரண்டு வயதுப் பரிசோதனைக்கு ஹெல்த் விசிட்டர், சின்னப் பிள்ளைகளைப் பார்க்க வரும் சுகாதாரத் தாதி, வீட்டுக்கு வந்தார். நரைத்த, நிதானமான பெண். நான் கொப்பியை அவசரமாக மாவு வாளிக்குப் பின்னால் ஒளித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். மகள் கட்டைகளை அடுக்கினாள், சொற்கள் சொன்னாள். பிறகு வீட்டுப் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டார். படியில் தடுப்பு உண்டா? உண்டு. மருந்துகள்? பூட்டி இருக்கின்றன. யன்னல் திரையின் கயிறு? உயரத்தில் கட்டியிருக்கிறேன். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குப் போடும் வில்லைகள்? அவற்றையும் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். அவர் சிரித்தார்.

"நீங்கள் கவனமான அம்மா. விடுமுறைக்கு எங்கேயாவது போகிறீர்களா? அங்கேயும் இதையெல்லாம் கேளுங்கள். சொந்தக்காரர் வீட்டில் கேட்கத்தான் எல்லோருக்கும் வெட்கம்."

அவரை அனுப்பிவிட்டுக் கதவில் சாய்ந்து நின்றேன். மூன்று கிழமை. ரவையின் நிறை, முனை, வேகம், சுவரின் தடிப்பு எல்லாம் கேட்டேன். அந்தத் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எது நல்லது என்று அண்ணா கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடினேன். அவர் கேட்காததை நான் கேட்பது எங்கள் வீட்டுப் பழக்கத்தில் இல்லை.

அண்ணாவும் அண்ணியும் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வீடியோவில் அழைத்தேன்.

"அண்ணை, அதை எங்கை வச்சிருக்கிறியள்?"

"எதை?"

"அதைத்தான்."

"ஓ, அதுவோ. கட்டிலுக்குப் பக்கத்திலை. லாச்சிக்குள்ளை."

"பூட்டியோ?"

"பூட்டினா என்னத்துக்கு? கள்ளன் வர, 'தம்பி கொஞ்சம் பொறும், திறப்பு எடுத்துக்கொண்டு வாறன்' எண்டு சொல்லுறதோ?" பின்னால் அண்ணி சிரிப்பது கேட்டது.

"ரவை போட்டபடியோ?"

"ஓம்."

"லாச்சி எவ்வளவு உயரம்?"

அவர் கையைக் காட்டினார். முழங்காலுக்குச் சற்று மேலே. அந்த நேரம் எனக்குப் பின்னால் என் மகள் சமையலறை லாச்சியை இழுத்துக் கரண்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வித்தை பழகி ஒரு மாதம்தான் இருக்கும்.

"அண்ணை, அவளுக்கு அது நெஞ்சளவு."

"நான் பாத்துக்கொள்ளுவன்."

"எந்த நேரமும் பாக்க ஏலாது."

"உனக்கு என்னிலை நம்பிக்கையில்லையோ?"

மழைக் காலத்தில் தன்னுடைய சைக்கிள் பாரில் என்னை இருத்தி, என் புத்தகங்களைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ரியூசனுக்குக் கொண்டுபோனவர் கேட்கிறார். ஒரு தடவையும் நான் அவருக்கு மறுத்துச் சொன்னதில்லை.

"அது பூட்டிக் கிடக்காட்டி நாங்கள் வரேல்லை, அண்ணை."

"சரி," என்றார். தொலைபேசி நின்றது.

நான்கு நாட்கள் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தினமும் காலையில் ஏதாவது ஒரு புனிதரின் படத்தையும் ரோசாப்பூவையும் அனுப்புகிற மனிதர். நான் செய்தி எழுதி எழுதி அழித்தேன். 'கோபமா' என்று எழுதினேன், அழித்தேன். 'நான் சொன்ன விதம் பிழை' என்று எழுதினேன், அதையும் அழித்தேன். விதம் பிழை என்றால் விஷயமும் பிழை என்று நினைத்துவிடுவார். "நீர் சொன்னது சரிதானே," என்றார் கணவர், பகிடி இல்லாமல். சரிதான். ஆனாலும் தொலைபேசியை மறுபடி கையில் எடுத்தேன்.

ஐந்தாம் நாள் அண்ணி அழைத்தார்.

"மச்சாள், அவருக்குக் கோவமில்லை. வெக்கத்திலை திரியிறார். முந்தநாள் முழங்காலிலை நிண்டு வீடு முழுக்கத் தவழ்ந்தவர். பிள்ளையின்ரை உயரத்திலை இருந்து பாக்கிறாராம். பிறகு எழும்ப ஏலாமல் நான்தான் தூக்கி விட்டது."

"தூக்கி விட்டவவாம்! கதிரையைப் பிடிச்சு நானாத்தான் எழும்பினன்," என்று பின்னால் அண்ணாவின் குரல். பிறகு தொலைபேசி அவர் கைக்குப் போனது. முகத்தைக் காட்டாமல், பெரிய அலுமாரியின் உள்ளே திருகி இறுக்கிய ஓர் இரும்புப் பெட்டியைக் காட்டினார். விரலை வைத்தால்தான் திறக்கும். அவருடைய விரல், அண்ணியின் விரல், வேறு யாருடையதும் இல்லை.

"ரவை நீ சொன்னதைத்தான் வாங்கினன். அது வேறை அறையிலை, வேறை பூட்டு. நீங்கள் நிண்டு போகும்வரைக்கும் இப்பிடித்தான். பின்கதவுக்கு இரும்புச் சட்டம் போட்டாச்சு. இன்னும் என்ன, டீச்சர்?"

"லாச்சியைக் காட்டுங்கோ."

"எனக்குத் தெரியும் நீ கேப்பாய் எண்டு."

லாச்சியை இழுத்தார். உள்ளே மிருக வடிவ பிஸ்கட் பைகள், குளிக்கும்போது மிதக்கவிடும் ஒரு ரப்பர் தாரா, பெரிய பொத்தான் வைத்த விளையாட்டுத் தொலைபேசி. "எப்பிடியும் திறப்பாள்தானே. திறக்கட்டும்," என்றார். மகள் திரையில் தாராவைப் பிடிக்கப் போனாள். அவர் தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப வருவியோ?"

"ஓம், அண்ணை. வாறம்."

'நீங்கள் நிண்டு போகும்வரைக்கும்' என்று அவர் சொன்னது எனக்குக் கேட்காமல் இல்லை. நாங்கள் திரும்பி வந்த பிறகு அந்தத் துப்பாக்கி எங்கே இருக்கும் என்று நான் கேட்கவில்லை. பகலில் தனியே இருக்கப்போவது அண்ணி. குளியலறைக்குள் அப்படி இருந்தது நானில்லை.

ஆனாலும் அடுத்த நாளே எனக்கு மறுபடி தொடங்கிவிட்டது. பெட்டியைச் சரியாகச் சாத்தினார்களா? விரல் வைக்கும் இடம் பழுதானால்? அண்ணிக்கு மட்டும், அண்ணாவுக்குச் சொல்லவேண்டாம் என்று, பெட்டி பூட்டியிருக்கிறதா பார்க்கச் சொல்லி ஒரு செய்தி எழுதினேன். அவர் எதுவும் கேட்கவில்லை. மூடிய பெட்டியின் படம் ஒன்று வந்தது, கூடவே அன்று ஊறவைத்த உளுந்தின் படமும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் நான் கேட்காமலே அனுப்புகிறார். ஒரு நாள் பெட்டியும் முருங்கைக்காய்க் கறியும். ஒரு நாள் பெட்டியும் மஞ்சள் அறையில் புதிதாகத் தொங்கவிட்ட திரையும்.

விமானத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. இன்றைய படம் மத்தியானம் வந்தது. போதும் அண்ணி, இனி அனுப்பவேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை.